பொட்டு வைத்த பிளாப்பிகள்

என் அப்பா என்னை ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறார். அதுவும் ஒரு விஜயதசமியன்று, ஒரு துண்டுக் காந்தத்துக்காக. அடி அப்படியொன்றும் பலமில்லை. ஆனால் நல்லது செய்யப் போய் வாங்கிய அடி என்பதால் எனக்கு ஆறவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அவரைத் தங்கமான மனுஷன் என்று சொன்னால் உள்ளுக்குள் கோபம் புசுபுசுவென்று வரும். தங்கமாம் தங்கம் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்விடுவேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. காரைக்குடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் பெட்டி ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விட்ட மனுஷன் வீட்டுக்குள் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மா பேசிக்கொள்வாள். எங்களுக்கு அப்பா போட்டிருந்த சட்டம் ஒன்றுதான்: கேசட்டை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கக் கூடாது. வைத்தால் ஸ்பீக்கரின் காந்தம் பாட்டை அழித்துவிடும். காந்தத்துக்கும் பாட்டுக்கும் என்ன பகை என்று நான் கேட்டதில்லை.

அந்த வீட்டு முன்னறையில்தான் அத்தை ஒரு கம்ப்யூட்டரோடு வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அங்கே என்ன நடந்தது என்பது என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் துணிப்பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வந்தவள் வளையலை விற்று, யாரோ பயன்படுத்திக் கழித்த ஒரு கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வாங்கினாள். டைப் அடித்துக் கொடுக்கும் கடை என்று வாசலில் ஒரு தகரப் பலகையை மாட்டினாள். திருப்பத்தூர்க்காரர்கள் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு தடவை அத்தை அவர்களிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"இந்தத் தீபாவளிக்குள்ள என் கால்ல நான் நிக்கலேன்னா, நானே பஸ் ஏறி வந்துர்றேன். அதுவரைக்கும் யாரும் இங்குட்டு வராதீக."

சொல்லும்போது வீறாப்பாகத்தான் சொன்னாள். அவர்கள் தெரு திரும்பியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை திரும்பிப் போகக் கூடாது என்று எனக்கு ஒரே வேண்டுதல். பாசம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்தக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட்டு இருந்ததும் ஒரு காரணம்.

அம்மாவுக்கு முன்னறை பறிபோனதில் மகா எரிச்சல். ஆனால் அம்மாவும் அத்தையும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை போடக்கூட முதலில் பேச வேண்டுமே. இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால். "உங்க அத்தையச் சாப்பிட வரச் சொல்லு" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் வரும். கதவுக்கு அந்தப் பக்கமே நிற்கிற அத்தை, எனக்குப் பசிக்கலை என்று சொல்லச் சொல்வாள். நான் நடுவில் நின்று இரண்டையும் ஒப்பித்துவிட்டு, அத்தையின் பங்கு அப்பளத்தையும் சேர்த்துத் தின்பேன்.

அத்தையின் கடைக்கு முதல் பெரிய வேலை கொண்டுவந்தவர் நாச்சியாபுரத்திலிருந்து வருகிற ஒரு டீச்சர். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார். பள்ளிக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்த் தாலாட்டுப் பாட்டு சேகரித்து, டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் எழுதியதை அத்தை டைப் அடித்து, வழிகாட்டிப் பேராசிரியர் திருத்தித் தந்ததையெல்லாம் மாற்றி, மறுபடி அடித்து, மாதக்கணக்கில் அந்த வேலை நடந்தது. கடைசி இரண்டு இயல்களை டீச்சர் பேப்பரிலேயே எழுதவில்லை. அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயால் சொல்லச் சொல்ல, அத்தை நேரே அடித்தாள். விஜயதசமிக்கு மறுநாள் காலையில் பிரிண்டை வாங்கிக்கொண்டு டீச்சர் மதுரைக்குப் போய் பைண்டு செய்து ஒப்படைக்க வேண்டும். அந்த நாள் தவறினால் அவருடைய பதிவு காலாவதியாகிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். சரியாக முடிந்தால் வழிகாட்டி தன்னுடைய மற்ற மாணவர்களையும் இங்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அத்தை தன் காலில் நிற்பதும், திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறுவதும் அந்த ஒரு வேலையில்தான் இருந்தது. எனக்கே அது தெரியும்.

ஆயுத பூஜைக்கு முன்பே பிரிண்ட் எடுத்திருக்கலாம். ஆனால் விஜயதசமியன்று நல்ல நேரத்தில் முதல் பக்கத்தை எடுக்கலாம் என்று அத்தை ஆசைப்பட்டாள். மாதாவைக் கும்பிடுகிற டீச்சரும், "அப்படியே செய்யும்மா, நல்லதுதானே" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டு ஆயுத பூஜை மற்ற வீடுகளைப் போல இருக்காது. பெரிய கூடத்தில் வீட்டிலுள்ள அத்தனை சாமானும் வந்து சேர வேண்டும். ஆம்பிளிபயர், குழாய்கள், ஸ்பேனர், பற்றவைக்கும் கம்பி, அரிவாள்மனை, என் ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாம். அந்த வருடம் கம்ப்யூட்டரும் வந்தது. அப்பாவும் அவருடைய கையாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வரும்போது நிலைக்கதவில் இடித்து டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பொரியும் வாழைக்கன்றும் வாங்கக் கிளம்பிப் போனார். அத்தை குளிக்கப் போனாள்.

அம்மா அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். நான் சந்தனக் கிண்ணத்தோடு கூடவே நின்றேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு முறை பார்த்தாள். பிறகு முன்னறைக்குப் போய், அத்தை டைப் அடித்ததையெல்லாம் நகல் எடுத்து வைக்கும் பிளாப்பிகள் இருந்த கண்ணாடி மூடி டப்பாவை எடுத்து வந்தாள். எனக்கு ஒரே ஆச்சரியம். அத்தையின் சாமான் எதையும் அம்மா கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. சில நாள் முன்பு அத்தை என்னிடம், "மெஷின் போனாலும் போகட்டும், இந்த டப்பா இருந்தா எல்லாம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அப்போது ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனாள். காதில் வாங்கிக்கொண்டாள் போல.

ஒவ்வொரு பிளாப்பியாக வெளியே எடுத்து, பெயர் எழுதியிருக்கும் காகிதத்தின் ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். அவ்வளவு நிதானமாக என் தலையைக்கூட அவள் பின்னியதில்லை. பிறகு டப்பாவை எங்கே வைப்பது என்று பார்த்தாள். சுத்தம் செய்வதற்காக அப்பா பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டியிலிருந்து கழற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் முதுகில் கனமான வட்டக் காந்தம், பார்க்கச் சின்ன மணை மாதிரி இருக்கும். அம்மா அதன் மேல் தன் கல்யாண ரவிக்கை தைத்ததில் மிஞ்சிய பட்டுத் துண்டை விரித்து டப்பாவை வைத்தாள்.

"ஏம்மா அதுமேல வைக்கிறே?" என்று கேட்டேன்.

"படிப்பு இருக்குறதுல்ல. உசரத்துலதான் வைக்கணும்" என்றாள் அம்மா, மேலே ஒரு கதம்பச் சரத்தைப் போட்டபடி.

அது காந்தம் என்று எனக்குத் தெரியும். பழைய ஸ்பீக்கரிலிருந்து அப்பா உடைத்துத் தந்த காந்தத் துண்டு ஒன்று என் விளையாட்டுச் சாமான் டப்பாவிலேயே இருந்தது. அதை மண்ணில் இழுத்து இரும்புப் பொடி சேர்ப்பதுதான் எங்கள் தெருப் பிள்ளைகளின் தொழில். ஆனால் கேசட்டைத்தானே வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார்? இது கேசட் இல்லையே. நானும் என் பங்குக்கு இரண்டு செவ்வந்திப் பூவை அதன் மேல் வைத்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. விஜயதசமி காலையில் அப்பா ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். பெரிய ஸ்பீக்கரின் மேல் கிடந்த பூவை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். டப்பாவைப் பார்த்தார். பட்டுத் துண்டைப் பார்த்தார். அடுப்படியில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய், முன்னறையில் அது இருந்த இடத்திலேயே வைத்தார். திரும்பி வந்தவர் எல்லா ஸ்பீக்கரையும் தூக்கிக் கொல்லைப்புறக் கொட்டகையில் போட்டுவிட்டு வந்தார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று எனக்குப் புரியவில்லை.

நல்ல நேரம் வந்தது. கம்ப்யூட்டர் முன்னறைக்குத் திரும்பியிருந்தது. அத்தை சாமி கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாக வந்து, இரண்டு வரி வெள்ளை எழுத்து வந்து, அப்படியே நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே இரண்டு வரி. வயர்களை எல்லாம் பிடுங்கிச் செருகினாள். அதே இரண்டு வரி. ஹார்ட் டிஸ்க்கைக் காணோம் என்கிறது என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளேதானே இருக்கிறது, அது எப்படிக் காணாமல் போகும் என்று நான் குறுக்கே கேட்டு முறைப்பு வாங்கினேன்.

"பரவாயில்ல அண்ணே" என்று வாசற்படியில் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள் அத்தை. "எல்லாத்தையும் பிளாப்பில போட்டு வச்சிருக்கேன். பயமில்ல."

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடப் போனார்.

அந்த மெக்கானிக் அண்ணன் மதுரைக்காரர், காரைக்குடியில் கடை வைத்திருந்தார். விடுமுறை நாளில் அப்பா எப்படி அவரை வரவழைத்தாரோ, கையோடு கூட்டி வந்துவிட்டார். அந்த அண்ணன் ஒரு சின்னப் பெட்டியையும் வேறு ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டு வந்திருந்தார். முதலில் தன்னுடைய டிஸ்க்கை மாட்டி மெஷினை ஓட்டிப் பார்த்தார். மெஷின் நன்றாக ஓடியது. அத்தையின் பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒவ்வொன்றும் கரகரவென்று கத்திவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. கடைசி பிளாப்பியும் அப்படியே கத்தியதும் அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெக்கானிக் அண்ணன் ஒரு பிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்துச் சிரித்து, அதைக் கட்டைவிரலால் துடைக்கப் போனார்.

"அத அழிக்காதீங்க" என்றாள் அத்தை.

சரி என்று விட்டுவிட்டு அவர் கேட்டார்: "ஒண்ணு கெட்டா பரவால்ல. அத்தனையும் வழிச்சு விட்ட மாதிரில்ல இருக்கு. பக்கத்துல காந்தம் கீந்தம் எதுவும் வச்சிருந்தீகளா?"

அம்மா அப்போதுதான் தட்டில் வடையோடு வந்து கதவருகில் நின்றாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காந்தமா? இந்த வீட்டுல காந்தம் எதுக்கு இருக்கப் போகுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொட்டகை நிறையக் காந்தத்தை வைத்துக்கொண்டு இப்படியா ஒரு மனுஷன் சொல்வார்? நான் வாயைத் திறந்தேன். "ஆத்தா, போயி அண்ணனுக்கு டீ வாங்கிட்டு வா" என்று அப்பா தூக்குச் சட்டியை என் கையில் திணித்தார். அத்தை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடைக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். மெக்கானிக் அண்ணன் காந்தம் கேட்கிறார். கெட்டுப்போன பிளாப்பியைச் சரிசெய்ய அவருக்குக் காந்தம் வேண்டும் போலிருக்கிறது. அப்பா தர மாட்டேன் என்கிறார். அப்பா சாமான் விஷயத்தில் மகா கருமி, ஒரு திருகாணியைக்கூட இரவல் தர மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். அதற்காக இந்த நேரத்திலுமா? அத்தை பஸ் ஏறிப் போனாலும் போகட்டும், காந்தம் கைவிட்டுப் போகக் கூடாதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டீயோடு திரும்பி வந்தபோது மெக்கானிக் அண்ணன் அத்தையின் டிஸ்க்கை வெளியே எடுத்துக் கையில் வைத்திருந்தார். உள்ளே இருக்கிற தட்டு ஒட்டிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறது, எங்கேயோ இடித்திருக்க வேண்டும் என்றார். வயரோடு அதை உள்ளங்கையில் பிடித்து, கரண்ட் வந்த நொடியில் மணிக்கட்டைச் சட்டென்று திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். டிஸ்க் விர்ரென்று உயிர் வந்தது போல் சுற்ற ஆரம்பித்தது. அத்தை எழுந்தே நின்றுவிட்டாள். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. "தாலாட்டு" என்று அத்தை விரலை வைத்துக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

டிஸ்க்கின் சத்தம் இறங்கி இறங்கி நின்றதை எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றோம். மெக்கானிக் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இனி மறுபடி சுற்றுமா என்று சொல்ல முடியாது, சுற்றினாலும் காப்பி எடுத்து முடிகிறவரை நிற்கவே கூடாது, நின்றால் அவ்வளவுதான் என்றார். இந்த ஊர்க் கரண்டை நம்பி இதைச் செய்ய முடியாது, சாயங்காலம் மழை வேறு வருகிறது என்றார்.

அப்பா வெளியே போனார். வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. அன்று பக்கத்து ஊர்க் கோயிலில் சாமி அம்பு போடும் விழா, அப்பாவின் மைக்செட்தான். ஜெனரேட்டர், சீரியல் விளக்கு, கொட்டகையிலிருந்து எடுத்த குழாய் எல்லாம் ஏற்றிக் கையாள் தயாராக இருந்தார். அப்பா வண்டியிலிருந்து ஜெனரேட்டரை இறக்கினார். ஜெனரேட்டர் இல்லாமல் விழா எப்படி என்று கேட்ட கையாளிடம், வேறு மைக்செட்காரர் ஒருவர் பெயரைச் சொல்லி, அவரை அனுப்பி வைக்கச் சொன்னார். இத்தனை வருடத்தில் அப்பா ஒரு வேலையை ஒப்புக்கொண்டு போகாமல் இருந்ததே கிடையாது.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி பெட்டிக்குக் காவல் காக்கக் கோயில் வேலைய விட்டுட்டீகளா? நாளைக்கி எவன் உங்களக் கூப்பிடுவான்? எனக்கு ஒரு தடவையாச்சும் இப்படி நின்னுருக்கீகளா?"

"சரி, விடு" என்றார் அப்பா. அவ்வளவுதான். அம்மா பேசப் பேச, ஜெனரேட்டரை வீட்டுப் பக்கச் சந்தில் நிறுத்தி, ஜன்னல் வழியாக வயரை உள்ளே விட்டு, ஆம்பிளிபயருக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரை நடுவில் மாட்டினார். கயிற்றை இழுத்து ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு அதன் பக்கத்திலேயே ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சத்தம் துளி மாறினாலும் எழுந்து எதையோ திருகுவார்.

உள்ளே மெக்கானிக் அண்ணன் மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். டிஸ்க் அசையவில்லை. அத்தை எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, கையைக் கோத்து வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் டிஸ்க்கைப் பென்சில் முனையால் மெதுவாகத் தட்டினார், மறுபடி திருப்பினார், மறுபடி. எத்தனையாவது தடவையோ, விர்ரென்றது. பழையபடி சீராகச் சுற்றவில்லை. நடுநடுவே கடக், கடக் என்று ஒரு சத்தம். புதுப் பிளாப்பியைச் செருகி முதல் இயலைக் காப்பி எடுக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு இயலுக்கே அவ்வளவு நேரம் பிடித்தது. படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா என்று திரை கேட்கும். ஆமாம் என்று ஒரு எழுத்தை அழுத்த வேண்டும். மறுபடி கேட்கும். மறுபடி அழுத்த வேண்டும். அத்தை அதையே செய்துகொண்டிருந்தாள். டீச்சர் வாயால் சொன்ன கடைசி இரண்டு இயல்கள் அசையவே இல்லை. மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஜெனரேட்டர் மேல் தகரத்தைச் சாய்த்துவிட்டு அப்பா மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தீரப் போகிறது என்று தெரிந்ததும், ஓடுகிறபோது ஊற்றினால் தீப்பிடிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற அதே மனுஷன், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊற்றினார். அதை ஜன்னல் வழியாகப் பார்த்த அம்மா அப்போதுதான் வாயை மூடினாள்.

இனியும் பொறுக்க முடியாது என்று நான் முடிவு செய்தேன். என் டப்பாவைத் திறந்து காந்தத் துண்டை எடுத்துக்கொண்டேன். கூடத்து வழியாகப் போனால் அம்மா பிடித்துக்கொள்வாள் என்று சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன்னறைக்குப் போகப் பார்த்தேன். ஜெனரேட்டர் பக்கத்தில் அப்பா என்னைப் பார்த்துவிட்டார். கையில் என்ன என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டினேன். நீங்க குடுக்கலேன்னா நான் குடுக்குறேன், அந்த அண்ணனுக்கு என்று சொன்னேன்.

முதுகில் பளாரென்று விழுந்தது. நான் அழக்கூட மறந்து நின்றேன். அப்பா என் கையிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கருவைக் காட்டுக்குள் வீசி எறிந்தார். பிறகு குனிந்து, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி என் காதோரம் வாயை வைத்துச் சொன்னார்.

"காந்தத்தப் பத்தி யாருட்டயும் மூச்சு விடக் கூடாது. உங்க அம்மாட்ட விடவே கூடாது. சரியா தாயி?"

அடித்த கையாலேயே முதுகைத் தடவியும் விட்டார். அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நன்றாக நனையட்டும் என்று நினைத்தேன்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தை ஒரு சத்தம் போட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தோம். கடைசி இயல் இறங்கிவிட்டது. மெக்கானிக் அண்ணன் அதை இன்னொரு பிளாப்பியிலும் போடலாம் என்று விரலை வைக்கும்போதே டிஸ்க் கரகரவென்று அரைத்துவிட்டு நின்றது. அதற்குப் பிறகு அது சுற்றவே இல்லை. அத்தை அந்த ஒரே பிளாப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்து, நனைந்து நின்ற அப்பாவின் தோளில் தலையை வைத்து அழுதாள். அப்பா ஜெனரேட்டரை நிறுத்தினார். மெக்கானிக் அண்ணன் கடையில் வைத்துப் பிரிண்ட் எடுத்தார்கள். காலையில் முதல் பஸ்ஸில் வந்திறங்கிய டீச்சருக்கு நடந்தது எதுவும் தெரியாது. காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக மதுரைக்குப் போனார்.

தீபாவளி வந்தது, போனது. அத்தை பஸ் ஏறவில்லை. வழிகாட்டி சொன்னபடி ஆட்களை அனுப்பினார். பிறகு அவர்கள் வேறு ஆட்களை அனுப்பினார்கள். அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் என் தபால் வேலை மெல்ல மெல்லப் போய்விட்டது. என்ன காரணமோ, அத்தைதான் முதலில் அடுப்படிக்குப் போய், "மதினி, நான் தேங்காய் திருவுறேன்" என்று உட்கார்ந்தாள்.

அம்மா அன்றிலிருந்து ஒரு கதை சொல்லத் தொடங்கினாள். இன்றைக்கும் சொல்கிறாள். "செத்த மெஷின் எப்படிப் பொழச்சிச்சுன்னு நெனக்கிறே? அந்த டப்பாவ நான் உசரத்துல வச்சுப் பொட்டு வச்சேன்ல. அதுக்குத்தான் ஆத்தா கண்ணத் தொறந்தா." யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார், மறுக்க மாட்டார்.

நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது ஆசிரியர் ஒரு பழைய பிளாப்பியை உடைத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே மெல்லிய வட்டம் ஒன்று இருந்தது. கேசட் நாடாவின் அதே பழுப்பு நிறம். காந்தம் இதையும் அழித்திருக்கும். அப்பா அன்று காலையில் பூவை விலக்கிவிட்டு நின்றது, அம்மாவைத் திரும்பிப் பார்த்தது, ஸ்பீக்கர்களைக் கொட்டகையில் போட்டது, எல்லாம் வரிசையாக வந்தன. முன்னறையைப் பறிகொடுத்த அண்ணிக்காரி, நாத்தனாரின் பிழைப்பைக் காந்தத்தின் மேல் வைத்தாள் என்று தெரிந்தால், அது பக்தியில் செய்தது என்று யார் நம்புவார்கள்? அம்மாவே தன்னை நம்பியிருப்பாளா? அந்த ஒரு வார்த்தை வெளியே வராமல் இருக்கத்தான் அவர் கோயில் வேலையை விட்டு, யாருக்காகப் பொய் சொன்னாரோ அவளிடமே திட்டு வாங்கிக்கொண்டு மழையில் உட்கார்ந்திருக்கிறார். நான் வேறு நடுவில் காந்தத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன்.

அப்பாவிடம் இதைப் பேசலாம் பேசலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஒரு ஆயுத பூஜையன்று, அத்தை முன்னறையில் தனியாக இருந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் சொன்னேன். ஏதோ பெரிய ரகசியத்தை அவிழ்க்கிற தோரணையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். அத்தைக்கு நரை வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அன்னைக்கே தெரியும்டி" என்றாள். "சூடம் காட்டும்போதே பார்த்தேன், டப்பா எதுமேல இருக்குன்னு."

அப்புறம் ஏன் அப்போதே எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"எடுத்திருக்கணும்தான். எடுக்கத்தான் கை போச்சு, நின்னுருச்சு. ஒவ்வொண்ணுலயும் சந்தனம், குங்குமம், தன்னோட கல்யாணப் பட்டு. இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த நாள்லருந்து என் பொருளுக்கு யாரு பொட்டு வச்சாக? மதினி கை வச்சத நான் எப்படித் தள்ளி வைப்பேன்? மெஷின்லதான் எல்லாம் இருக்கே, பிளாப்பி போனா மறுபடி போட்டுக்கலாம்னு விட்டுட்டேன். மெஷினும் படுக்கும்னு நான் கண்டேனா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "மறுநாள் பயமில்லன்னு சும்மா சொன்னேன். சாமி புண்ணியத்துல ஒண்ணு ரெண்டாச்சும் பொழச்சிருக்காதான்னு. அண்ணன் காந்தமே இல்லைன்னப்போ, எனக்குத் தெரியும்னு காட்டிக்கிடலை. அது மதினிக்காகச் சொன்னதுன்னு புரிஞ்சிச்சு."

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பூஜைக்கு எல்லாம் வைத்தாயிற்று, அந்த லேப்டாப்பைக் கொண்டு வரச் சொன்னாள், ஸ்பீக்கர் மேலே இடம் வைத்திருப்பதாகச் சொன்னாள். நான் அத்தையைப் பார்த்தேன். இந்தக் காலத்து மெஷினுக்குக் காந்தத்தால் ஒன்றும் ஆகாது என்று அத்தை கையை ஆட்டினாள். பிறகு எழுந்து, முந்தானையால் லேப்டாப்பை ஒரு துடை துடைத்து, "இந்தா வர்றேன் மதினி" என்று சொல்லிக்கொண்டே அவளே எடுத்துக்கொண்டு போனாள்.